தெருமுனைக் கேமராவின் சாவி யாரிடம்?

மாசி மாதத்தில் மட்டும் எங்கள் தெருவில் மூன்று வண்டிகளின் பெட்ரோல் டியூபை உருவிவிட்டார்கள். பங்குனி பிறந்த மறுவாரம் ஒரு வண்டியே காணாமல் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம். மொத்தம் 42 வீடு, வந்தவர்கள் 19 பேர், அதில் 18 பேர் சொன்னது ஒன்றே: "கேமரா போட்டுடலாம்." பத்தொன்பதாவது ஆள் அப்போது டீ வாங்கப் போயிருந்தார்.

எந்தக் கேமரா, எத்தனை, எந்தப் பக்கம் பார்த்து, யார் வீட்டில் பெட்டி என்று கேட்டவுடன் அந்த ஒற்றுமை கலைந்தது. கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக, எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. சங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருச் சங்கங்களில் இப்போது இதே பேச்சுதான்.

எங்கள் தெரு தருமபுரியில், பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிவது. 2015 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 11 நகரங்கள் கிடைத்தன. சேலம் வரை வந்த திட்டம் தொப்பூர் கணவாய் ஏறி இந்தப் பக்கம் வரவில்லை. நாட்டிலுள்ள அந்த 100 நகரங்களிலும் சுவர் முழுக்கத் திரை வைத்த கட்டுப்பாட்டு அறைகள் வந்தன. 2025 மார்ச்சோடு திட்டமும் முடிந்துபோயிற்று. ஆனால் கருவிகள் திட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. நகரங்களில் அரசு செய்ததை நம்மைப் போன்ற ஊர்களில் தெருச் சங்கமே வசூல் போட்டுச் செய்துகொள்கிறது. அங்கேயாவது டெண்டர் உண்டு, பொறுப்பதிகாரி உண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுக் கேட்கலாம். இங்கே இருப்பது பொருளாளரின் ரசீதுப் புத்தகம் ஒன்றுதான்.

சரி, கூட்டத்தில் வந்த யோசனைகள் நான்கு. ஒயரே இல்லாமல் சிம் கார்டு போட்டு, எல்லாரும் போனில் பார்க்கும் கேமரா. ஒயர் இழுத்து, ஒரு வீட்டில் காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி வைத்து ஓட்டும் பழைய பாணிக் கேமரா. கேமராவை நாம் வாங்கிக் கொடுத்து, காட்சியைக் காவல் நிலையத்துக்கு இணைப்பது. கேமராவே வேண்டாம், விளக்கையும் வாட்ச்மேனையும் பார்ப்போம் என்பது.

ஐந்தாவதாக ஒன்றும் வந்தது. ஓசூரில் என் தங்கை இருக்கும் அபார்ட்மெண்டில் கேட்டுக்கு ஒரு செயலி இருக்கிறது. சாப்பாடு கொண்டுவருபவர் முதல் மாமியார் வரை யார் வந்தாலும் போட்டோ, போன் நம்பர், நேரம் எல்லாம் பதிவாகும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா எத்தனை மணிக்கு நுழைந்தார், எந்தெந்த வீட்டுக்குப் போனார், எப்போது கிளம்பினார் என்பது அவருக்கே தெரியாத அளவுக்குத் துல்லியமாக அதில் இருக்கிறது. அவருக்கு அதைத் திறந்து பார்க்கும் வசதி கிடையாது. எங்கள் தெருவுக்கு கேட்டே இல்லாததால் இந்த யோசனை அங்கேயே நின்றுவிட்டது. நல்ல வேளை.

முதலில் சிம் கேமரா. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை இதைத்தான் வலுவாகச் சொன்னார். ஒயர் வேலை கிடையாது, கம்பத்தில் மாட்டி அரை மணி நேரத்தில் ஓடவிடலாம், நான்கில் இதுதான் மலிவு. எங்களுக்கு வந்த விலையில் நான்கு கேமரா 22,000 ரூபாய். மாதாமாதம் ரீசார்ஜ் தனி. மாதத்துக்கு ஒருமுறை நான்கு சிம்முக்கும் மறக்காமல் பணம் கட்டப்போவது யார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

காட்சி எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது என்பது இரண்டாவது சங்கதி. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதுதான் நம் ஊர் வழக்கம். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் முடங்கியதற்குக் காரணமான மிராய் என்ற நிரல், இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் படை திரட்டியது. அது அமெரிக்கக் கதை என்றால், நம் நாட்டுக் கதையும் உண்டு. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே போய், டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டன. பரிசோதனைக்கு வந்த பெண்கள் படுத்திருந்த அறையின் காட்சிகள் அவை. மருத்துவமனையே காசு கொடுத்து மாட்டிய கேமரா.

ஆனால் இந்தக் கேமராவை நான் வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் வெளியாள் இல்லை. நாங்களேதான். 42 வீடு, குறைந்தது 42 போன்.

போன வருடம் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்காரர் சொந்தமாக வைஃபை கேமரா மாட்டினார். தன் காரைப் பார்த்துக்கொள்ளத்தான். கார் நின்றது கேட்டுக்கு வெளியே. ஆக, கேமரா பார்த்தது தெருவை. ஒருநாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு பைக் தெருமுனையில் வந்து நிற்கிறது. பின்னாலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள், டேங்க் மேலிருந்த பையை வாங்கிக்கொள்கிறாள், பைக் திரும்பிப் போகிறது. பதினோரு விநாடி. மறுநாள் காலை அந்தத் துண்டு சங்கத்தின் வாட்ஸப் குழுவில் இருந்தது. கீழே ஒரு வரி: "இந்தப் பையன் யாருன்னு தெரியுதா? பெட்ரோல் திருடறவன் மாதிரி இருக்கான்." கேட்டவர் பெட்ரோலைப் பற்றித்தான் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம். பையன் அவளோடு சேலத்தில் படிப்பவன். டவுன் பஸ் போய்விட்டதால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறான். இதை விளக்க அவளுடைய அம்மா நான்கு வீடு ஏறி இறங்கினார். அப்புறம் காலையில் பால் வாங்கத் தெருமுனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பெண் அந்த வருடமே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

வேறு ஊரில் இது வெறும் வம்பு என்று விட்டுவிடலாம். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்திய மாவட்டம் இது. யார் யாரோடு வண்டியில் வந்தார்கள் என்பதற்குத் தேதி, நேரம் போட்ட படம் 42 போனில் தயாராக இருந்தால் அது எங்கே போய் முடியும் என்று யோசிக்காமல் இந்த ஊரில் கேமரா பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. பெருநகரத்தில் கேமராவில் விழும் முகம் யாரோ ஒருவருடையது. ஆளைக் கண்டுபிடிக்க மென்பொருள் வேண்டும். எங்கள் தெருவில் நடையைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, காவல் நிலையத்தோடு இணைப்பது. சங்கத் தலைவருக்கு இதில்தான் ஆசை. சென்னையில் சில வருடங்களுக்கு முன் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் காவல்துறை வியாபாரிகளையும் குடியிருப்போரையும் கேட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் செய்தது. திருட்டு வழக்குகள் பலவற்றில் அவை உதவின. அதை நான் மறுக்கவில்லை. வண்டித் திருட்டுக்கு இதில் பெரிய லாபம் நம்பர் பிளேட் படிக்கும் கேமரா. எங்கள் ஊரில் திருடிய வண்டி தேசிய நெடுஞ்சாலை 44ஐப் பிடித்தால் கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி மூன்று மணி நேரத்தில் பெங்களூர். அதைப் பிடிக்க வேண்டிய இடம் மெயின் ரோடும் டோல்கேட் பக்கமும்தான். அங்கே காவல்துறை வைக்கட்டும், நானே கைதட்டுகிறேன். சின்னச் சந்து மாதிரி இருக்கும் எங்கள் தெருவின் காட்சி இருபத்துநாலு மணி நேரமும் நிலையத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது? அங்கே உட்கார்ந்து எங்கள் தெரு நாய்களைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த ஏட்டுக்கும் நேரம் இருக்காது.

இணைத்தபின் பிடி நம் கையில் இருக்காது என்பது இன்னொன்று. தமிழ்நாடு காவல்துறையிடம் 2021 முதல் முகத்தை ஒப்பிட்டு ஆளைத் தேடும் மென்பொருள் இருக்கிறது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்குக் கொடுக்க இடம் வைத்திருக்கிறது. பெட்ரோல் திருடனுக்காகக் கொடுத்த காட்சி நாளைக்கு வேறு எதற்குப் பயன்படும் என்று நம் பொருளாளர் போய்க் கேட்க முடியாது.

வழக்கு என்று வந்தால் காட்சியைக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். கொடுக்கத்தான் வேண்டும், கொடுப்போம். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்துப் பதிவைக் கேட்டு வாங்கக் காவல்துறைக்கு வழி இருக்கிறது. கேட்டபோது கேட்ட துண்டைக் கொடுப்பது ஒன்று. குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போவது இன்னொன்று.

இப்போது டிவிஆர் பெட்டி. கூட்டத்தில் இதற்கு ஆதரவே இல்லை. "அது பழசு சார், போன்ல தெரியாது" என்றார்கள். போனில் தெரியாது என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். ஒயர் வழியாகக் காட்சி வந்து பெட்டிக்குள் விழும். பெட்டியை இணையத்தோடு இணைக்காவிட்டால் அங்கேயே கிடக்கும், நாளானால் தன்னால் அழியும். ஏதாவது நடந்தால்தான் யாராவது போய்ப் பார்ப்பார்கள். அதற்கும் எழுந்து நடந்து போக வேண்டும். அந்தச் சோம்பல்தான் பாதுகாப்பு.

இதில் லென்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கடைக்காரர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அறிமுகமில்லாத ஒருவரைப் படத்தில் பார்த்து, இவர்தான் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி (பிக்சல்) இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 புள்ளி அகலம். வகுத்தால் 7.7 மீட்டர். அதாவது படத்தில் அடங்கும் இடம் ஏழரை மீட்டருக்கு மேல் விரிந்தால் முகம் நிற்காது. கடையில் கேட்காமலேயே எடுத்துக் கொடுப்பது 2.8 மி.மீ. லென்ஸ். ஏறக்குறைய 100 டிகிரிக்கு அகலமாகப் பார்க்கும். திரையில் தெருவே தெரிவதால் வாங்குபவருக்கு மனம் குளிர்ந்துவிடும். ஆனால் மூன்று மீட்டருக்கு அப்பால் இருப்பவர் முகம் இட்லிதான். அதே கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் பார்வை பாதியாகக் குறுகும். ஏழு, எட்டு மீட்டர் வரை ஆள் தெளிவாகத் தெரியும்.

இதில் எனக்கு ஒரு சந்தோஷம். குறுகிய லென்ஸைத் தெருமுனையைப் பார்த்துத் திருப்பினால் உள்ளே வரும் வண்டியும் ஆளும் தெளிவாகத் தெரிவார்கள். யார் வீட்டுத் திண்ணையும் வாசலும் தெரியாது. திருடனைப் பிடிக்கவும் அதுதான் சரி, நம்மை விட்டுவைக்கவும் அதுதான் சரி. ஒரு தெருவுக்கு நான்கு கேமரா எதற்கு? உள்ளே வர இரண்டு வழி. இரண்டு கேமரா போதும். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாகப் பூத்துவிடும். சாதாரணக் கேமராவில் அதை எதிர்பார்க்கக் கூடாது. நேரமும், வண்டியின் வகையும், ஓட்டியவரின் உருவமும் கிடைக்கும். அவ்வளவுதான்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு. காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். இரண்டுக்கு 43. ஒரு டிபி டிஸ்க்கில் மூன்று வாரம் தாங்கும். 15 நாளில் அழிந்துவிடும்படி பெட்டியிலேயே அமைத்துவிடலாம். வண்டி போனால் அன்றைக்கே தெரிந்துவிடும்; மூன்று மாதத்துக்கு முந்தைய காட்சியைத் தேடுபவர் திருடனைத் தேடவில்லை. கேமராவில் மைக் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். திண்ணைப் பேச்சு பதிவாக வேண்டிய அவசியம் எந்தச் சங்கத்துக்கும் இல்லை. கரண்ட் போனால் கேமராவும் போகும் என்பதால் யுபிஎஸ் கட்டாயம். திருடனுக்கும் கரண்ட் கட் ஆகும் நேரம் தெரியும். அப்புறம், 2025 ஏப்ரலுக்குப் பின் நம் நாட்டில் விற்கும் கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். பில் போடும் முன் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குவது நல்லது. பழைய சரக்கைத் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டிக்கும் குறை உண்டு. அதை யார் வீட்டில் வைப்பது? யார் வீட்டில் இருக்கிறதோ அவர் தெருவின் சித்திரகுப்தன் ஆகிவிடுவார். அதனால் நான் எழுதிக் கொடுத்தது இப்படி: பெட்டி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பூட்டுப் போட்ட இரும்புக் கூண்டில். கூண்டின் சாவி அவரிடம் இருக்கக் கூடாது, செயலாளரிடம். பாஸ்வேர்டு செயலாளருக்குத் தெரியக் கூடாது. தெருவில் பெண்கள் சுயஉதவிக் குழு நடத்தும் அக்காவிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒரு நோட்டு, யார் கேட்டார்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக் காட்சி, எதற்காக என்று எழுதிக் கையெழுத்து. காட்சியை எந்தக் குழுவிலும் போடக் கூடாது. போட்டாலும் கோர்ட்டில் அது நிற்காது என்று சொன்னபோதுதான் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பதிவை யாரும் மாற்றவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் பத்துக் கை மாறிய துண்டுக்கு அந்தச் சான்றிதழை யார் கொடுப்பார்கள்?

"நம்ம தெரு, நம்ம கேமரா, இதுக்கெல்லாம் சட்டமா?" என்று ஒரு மாமா கோபப்பட்டார். தனிநபர் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஒன்பது நீதிபதிகள், ஒருமித்த தீர்ப்பு. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன; முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வரும். ஒருவர் தன் வீட்டுத் தேவைக்குச் செய்வதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. 42 வீட்டுக்காரர்களிடம் வசூல் செய்து பொதுத்தெருவைப் படமெடுக்கும் சங்கம் தன்னை ஒரு வீடு என்று சொல்லிக்கொள்ள முடியுமா? முடியாது என்று வைத்து நடந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக விளக்கு. இதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. எங்கள் தெருவில் ஐந்து கம்பம். இரண்டு எரிந்து மாதக்கணக்காகிறது. காணாமல் போன வண்டி நின்றது அதில் ஒன்றின் கீழே. பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வந்த ஓர் ஆய்வு, கேமரா இருக்கும் இடங்களில் குற்றம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைகிறது என்கிறது. அதுவும் அதிகம் பலிப்பது வண்டி நிறுத்துமிடங்களில். நியூயார்க்கில் 2016ல் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்கு வைத்துப் பார்த்த சோதனையில், இரவில் வெளியிடத்தில் நடக்கும் பெரிய குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன. "நியூயார்க்கும் நம்ம தெருவும் ஒண்ணா?" என்றார் செயலாளர். ஒன்றில்லைதான். ஆனால் கேமராக் கடைக்காரர் எங்களுக்குப் போட்டுக் காட்டிய வீடியோ துபாயில் எடுத்தது. அதை யாரும் கேட்கவில்லை.

வாட்ச்மேன் வைக்க மாதம் 12,000 ரூபாய் கேட்டார்கள்; அது எங்களால் முடியாது. பக்கத்து மூன்று தெருக்களுக்குச் சேர்த்து இரவில் விசிலடித்து வரும் கூர்க்காவுக்கு வீட்டுக்கு ஐம்பது ரூபாய் என்றால் முடியும். அவர் கண்ணிலும் எல்லாம் படும். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அதை ஃபார்வர்டு செய்ய முடியாது.

ஆக, நான் எழுதிக் கொடுத்த முடிவு: முதலில் நகராட்சியில் மனுக் கொடுத்து இரண்டு விளக்கும் எரிய வேண்டும். கூர்க்காவுக்கு ஐம்பது ரூபாய். அப்புறம் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஒயர் கேமரா, 6 மி.மீ. லென்ஸ், பூட்டிய பெட்டி, 15 நாள், நோட்டு. எங்களுக்கு வந்த விலை யுபிஎஸ்ஸோடு சேர்த்து 24,000. சிம் கேமராவைவிட இரண்டாயிரம் அதிகம், கேமராவோ பாதி. இதுதான் கூட்டத்தில் பெரிய தகராறு ஆனது. மாப்பிள்ளைக்கு வருத்தம்தான். தலைவர் இன்னும் நிலையத்தில் பேசிப் பார்க்கிறேன் என்கிறார். ஒரு வருடத்துக்கு இதை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று 11 பேர் கைதூக்கினார்கள்.

போன சனிக்கிழமை கேமரா போடுகிற தம்பி ஒரு கேமராவையும் சின்ன மானிட்டரையும் கொண்டுவந்து, தெருமுனைக் கம்பத்தில் பிடித்துக் காட்டினார். முனை வீட்டுப் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். படத்தின் ஓரத்தில் அவர் வீட்டுத் திண்ணை கொஞ்சம் தெரிந்தது. "நான் உக்காந்திருந்தா இதுல தெரிவேனா சாமி?" என்று கேட்டார். தெரிவீங்க என்றதும், "அப்ப எனக்கு வேணாம்" என்றார். தம்பி மெனுவுக்குள் போய், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியை எடுத்து, திண்ணை மேல் ஒரு கட்டம் வரைந்தார். திண்ணை மறைந்தது. பாட்டி மறுபடி குனிந்து பார்த்து, அந்தக் கட்டத்தை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுக்கச் சொன்னார். முருங்கை மரமும் தெரியக் கூடாதாம்.